அடுப்படியில் இருந்து குப்பிக்கு: வலித் தைலத்தின் கதை



நம்ம கூட்டமைப்பு மலருக்குக் குழுவுக்கு ஒரு கட்டுரை கொடுக்கணும்னு கூட்டத்தில் சொன்னப்ப, "நான் தைலத்தைப் பத்தி எழுதுதேன்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எங்க குழு தைலம் காய்ச்சி விற்கப் போய் கையைச் சுட்டுக்கிட்டது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையையும் மறைக்காமச் சொல்லுறேன். ஆனா அதுக்கு முன்னாடி தைலத்தோட கதையைச் சொல்லணும். அது தெரிஞ்சிருந்தா எங்களுக்கு அந்த நஷ்டமே வந்திருக்காது.

நம்ம ஊரும் நம்ம வலியும்

சேரன்மகாதேவி தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஊர். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம்னு இரண்டு பூ நெல் விளையுற பூமி. நெல் விளையணும்னா நாற்று நடணும். நடுறது பெரும்பாலும் பொம்பளைங்க. காலையில் குனிஞ்சா சாயங்காலம்தான் நிமிரணும். பக்கத்தில் பத்தமடையில் கோரைப் பாய் நெய்யுறவங்க நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து நெய்யுறாங்க. வயல் வேலை இல்லாத வீட்டில் பீடி. மடியில் தட்டை வச்சு, கழுத்தைக் கவிழ்த்து, ஆயிரம் பீடி சுத்தி முடிக்கிறதுக்குள்ள விரலும் தோளும் நமக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிரும்.

இப்படி வேலை செய்யுற ஊரில் தைலம் இல்லாத வீடு இருக்க முடியாது. எந்த வீட்டு மாடக்குழியிலும் ஏதாவது ஒரு குப்பி இருக்கும். அதனால தைலத்தோட வரலாறு நம்ம உழைப்போட வரலாறும்தான்.

ஆச்சி காலத்துத் தைலம்

சித்த மருத்துவத்தில் மருந்தை 64 வகையாப் பிரிச்சு வச்சிருக்காங்க. உள்ளுக்குச் சாப்பிடுறது 32, வெளியில் போடுறது 32. வெளியில் போடுறதில் கட்டு, பற்று, ஒற்றடம், வேது, தொக்கணம், களிம்பு எல்லாம் வரும். வேதுன்னா ஆவி பிடிக்கிறது. தொக்கணம்னா உடம்பைப் பிடிச்சு விடுறது. இந்தக் கணக்கெல்லாம் எங்க ஆச்சிக்குத் தெரியாது. ஆனா அதில் பாதியை அவ கையாலயே செய்வா.

சுளுக்குக்குப் புளியும் உப்பும் கரைச்சுக் காய்ச்சிப் பற்றுப் போடுவா. இடுப்பு வலிக்கு இலுப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ப்பா. நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிஞ்சு ஒற்றடம் கொடுப்பா. வாதநாராயணன் இலையைப் போட்டுக் கொதிக்க வச்ச வெந்நீரைப் பிள்ளை பெத்தவளுக்கு ஊத்துவா. முடக்கறுத்தான் கீரையை அரைச்சு மாவோட சேத்துத் தோசை சுடுவா. முடக்கை அறுக்கிறதால்தான் அதுக்கு முடக்கறுத்தான்னு பேர். நாம வாய்ப்பேச்சில் முடக்கத்தான் ஆக்கிட்டோம்.

தைலம் காய்ச்சுறது மட்டும் தனி வேலை. ஆத்தங்கரை நொச்சியைப் பறிச்சு, இடிச்சுச் சாறு எடுத்து, நல்லெண்ணெயில் ஊத்திச் சின்னத் தீயில் வைப்பா. சாறில் உள்ள தண்ணீர் முழுக்க வத்தணும். வத்திருச்சான்னு பார்க்கத் திரியை எண்ணெயில் நனைச்சுக் கொளுத்துவா. சடசடன்னு பொரிஞ்சா தண்ணீர் இன்னும் இருக்குன்னு அர்த்தம். சத்தமில்லாம எரிஞ்சா பதம். அடியில் தங்குற கசடை விரலில் உருட்டியும் பார்ப்பா. முதலில் மெழுகு மாதிரி இருக்கும், பிறகு மணல் மாதிரி ஆகும். இறக்கி வச்ச பிறகுதான் கற்பூரம் போடுவா. "ஏட்டி, அடுப்புல இருக்கையிலே போட்டா கற்பூரம் பறந்திரும், தீயும் பிடிச்சிக்கிடும்"னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. இதே எண்ணெயில் தேன்மெழுகை உருக்கிச் சேத்து ஆற விட்டா உறைஞ்சு களிம்பாயிரும். எண்ணெயா இருந்தா ஒழுகும், களிம்பா இருந்தா போட்ட இடத்திலேயே நிக்கும். அதுதான் வித்தியாசம்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நாட்டு மருந்து, நாட்டு மருந்துன்னு சொல்லுறோமே, அதில் சேருறது எல்லாம் நம்ம நாட்டில் விளைஞ்சது இல்லை. கற்பூர மரம் சீனா, ஜப்பான் பக்கத்து மரம். கிராம்பு இந்தோனேசியாத் தீவுகளில் இருந்து வந்தது. மிளகாயைப் போர்ச்சுக்கீசியர்கள் கொண்டு வந்தாங்க. நாம நீலகிரித் தைலம்னு சொல்லுற யூகலிப்டஸ் ஆஸ்திரேலியா மரம். அது நீலகிரிக்கு வந்தது 1843-ல். நல்லதா இருந்ததை எங்கிருந்து வந்தாலும் நம்ம ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க. நொச்சியும் நல்லெண்ணெயும் நம்மளது, கற்பூரம் கப்பலில் வந்தது. ரெண்டும் ஒரே சட்டியில் கொதிச்சது.

குப்பியில் வந்த தைலம்

அடுப்படியில் இருந்த வேலை கம்பெனிக்குப் போனதுக்கு நம்ம நாட்டில் பெரிய அடையாளம் அமிர்தாஞ்சன். காசிநாதுனி நாகேஸ்வரராவ்னு ஆந்திராவில் பிறந்த ஒருத்தர் 1893-ல் பம்பாயில் இதை ஆரம்பிச்சார். புதுப் பொருளை யாரு வாங்குவா? அதனால தொடக்கத்தில் பாட்டுக் கச்சேரி நடக்கிற இடத்தில் சும்மாவே கொடுத்தார்னு சொல்லுவாங்க. தலைவலிக்குத் தேய்ச்சுப் பார்த்தவங்க பிறகு காசு கொடுத்து வாங்கினாங்க. 1914-ல் தொழிலைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். தைலத்தில் கிடைச்ச பணத்தில் 'ஆந்திர பத்திரிகா'ங்கிற பத்திரிகையையும் நடத்தினார், சுதந்திரப் போராட்டத்துக்கும் உழைச்சார். சென்னை மயிலாப்பூரில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்கா அவர் பேரில் இருக்கிறதுதான். ஒரு சின்ன மஞ்சள் களிம்பு ஒரு பத்திரிகையையே நடத்தியிருக்கு!

இன்னொரு வழி கடல் வழி. ரங்கூனில் ஔ சூ கின்னு ஒரு சீன வைத்தியர் கடை வச்சிருந்தார். அவர் இறந்த பிறகு மகன்கள் ரெண்டு பேரும் அவர் களிம்பை ஊர் ஊரா விற்றாங்க. மூத்தவர் பேரில் 'புலி'ன்னு அர்த்தம் வருமாம். அதனால் அது டைகர் பாம். 1920-களில் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாத்தினாங்க. அதே சிங்கப்பூரில் 1928-ல் வந்ததுதான் நம்ம கோடாலித் தைலம். பர்மா, மலேயா, சிங்கப்பூர்னு பிழைக்கப் போன தமிழ் ஆளுங்க ஊருக்கு வரும்போது பெட்டியில் சேலை, சோப்போட இந்தக் குப்பிகளையும் கொண்டு வந்தாங்க. எங்க தெருவில் வெளிநாட்டில் இருந்து யாராவது வந்தா, "எனக்கு ஒரு கோடாலித் தைலம் எடுத்து வச்சிருக்கியா?"ன்னுதான் வயசான ஆச்சிமார் முதலில் கேட்பாங்க. இன்னைக்கும் அப்படித்தான்.

கடைத் தைலத்துக்கும் வலிக் களிம்புக்கும் ஒரு காரமான வாசனை உண்டு. பல களிம்புகளில் அது விண்டர்கிரீன் எண்ணெய் வாசனை. நீலகிரி மலையில் வளருற ஒரு செடியில் இருந்தும் அந்த எண்ணெய் வரும். இப்ப பெரும்பாலும் அதோட சத்தை, மீத்தைல் சாலிசிலேட்னு சொல்லுறதை, தொழிற்சாலையில் செய்யுறாங்க. மென்தால் புதினா வகைச் செடியில் இருந்து வருது. கடைக் குப்பியை வாங்கினா லேபிளைப் படிச்சுப் பாருங்க. இந்தப் பேர்கள் அதில் இருக்கும்.

குப்பி வந்ததில் நமக்கு நல்லதும் உண்டு. நட்டுட்டு வந்து களைச்சுக் கிடக்கிறவ மறுபடி அடுப்பு மூட்டிச் சாறு காய்ச்ச வேண்டாம். அஞ்சு ரூபா, பத்து ரூபாயில் பெட்டிக்கடையில் கிடைச்சிரும். போனது என்னன்னா, கைப்பழக்கம். எங்க ஆச்சி எங்க அம்மைக்குச் சொல்லிக் கொடுத்தா. அம்மை எனக்குப் பாதிதான் சொல்லிக் கொடுத்தா. மீதியை நான் கேட்கவே இல்லை.

வைத்தியர்கள் சேர்ந்தார்கள், சட்டமும் வந்தது

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலீஷ் மருத்துவத்துக்குத்தான் அரசாங்க மரியாதை. சித்தம், ஆயுர்வேதம், யுனானிக்கு என்ன செய்யலாம்னு பார்க்க 1921-ல் சென்னை அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு போட்டது. அதன் பிறகு சென்னையில் இந்திய மருத்துவத்துக்குப் பள்ளிக்கூடம் வந்தது. 1944-ல் வைத்தியர்கள் ஒண்ணா சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாங்க. அதுதான் இம்ப்காப்ஸ். தனித்தனியா வீட்டில் காய்ச்சினா அளவும் தரமும் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். கூட்டுறவாச் சேர்ந்து ஒரே இடத்தில் ஒரே மாதிரி செய்து விற்றாங்க. இன்னைக்கும் அது நடக்குது. நம்ம கூட்டமைப்பு இந்தச் சங்கத்தைத்தான் மனசில் வச்சுக்கணும். கடைசியில் திரும்ப இதுக்கு வாரேன்.

1964-ல் நம்ம பக்கத்துக்கு ஒரு பெரிய விஷயம் நடந்தது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. சேரன்மகாதேவியில் இருந்து பஸ் ஏறி அங்க போய்த் தைலம் வாங்கிட்டு வந்த குடும்பங்கள் எத்தனையோ. அதே 1964-ல்தான் 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தைத் திருத்தி, சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளையும் அதுக்குள்ள கொண்டு வந்தாங்க. அதாவது, விற்பனைக்காக மருந்து செய்யணும்னா உரிமம் வேணும். 2000-ல் செய்யுற இடம் எப்படி இருக்கணும்னும் விதி வந்தது. குறைஞ்சது 1200 சதுர அடி இடம், தனித்தனி அறை, படிச்ச ஆள், தரப் பரிசோதனை எல்லாம் அதில் உண்டு.

1983-ஐயும் சொல்லணும். அந்த வருஷம் தமிழ்நாடு அரசு ரெண்டு நிறுவனம் தொடங்கியது. ஒண்ணு மூலிகை மருந்து செய்யுற டாம்ப்கால். இன்னொண்ணு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். நம்ம குழுக்களுக்கெல்லாம் தாய் வீடு அதுதான். 1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் உருவாச்சு, பிறகு மகளிர் திட்டமா எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. மூலிகையும் மகளிரும் அரசுக் கணக்கில் ஒரே வயசு. ஆனா எங்க குழு அந்த ரெண்டையும் சேர்க்கப் பார்த்தப்பதான் சிக்கல் வந்தது.

எங்கள் குழு பட்ட பாடு

எங்க குழுவில் 14 பேர். "எல்லாரும் ஊறுகாயும் அப்பளமும் போடுதாவ, நாம வேற ஏதாவது செய்வோம்"னு பேசினோம். என் தைலம் நல்லா இருக்குன்னு எல்லாரும் வாங்கித் தேய்ச்சதால், அதையே செய்வோம்னு முடிவாச்சு. குழுச் சேமிப்பில் 12,000 ரூபா எடுத்தோம். எண்ணெய், தேன்மெழுகு, கற்பூரம், குப்பி, லேபிள். வேலைக்குக் கூலி யாரும் எடுக்கலை. 150 குப்பி நிறைச்சோம். லேபிளில் பெருசா "மூட்டுவாதம் அடியோடு குணமாகும்"னு அச்சடிச்சோம்.

ஒரு கண்காட்சியில் கடை கேட்டுப் போனோம். அங்க இருந்தவங்க குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "உரிமம் எண் எங்கம்மா?"ன்னு கேட்டாங்க. எங்களுக்கு எண்ணும் தெரியாது, உரிமமும் தெரியாது. அது போக, வாத நோய் மாதிரி சில நோய்களைக் குணமாக்கும்னு மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாதுன்னு 1954-லேயே ஒரு சட்டம் இருக்குன்னும் அன்னைக்குத்தான் தெரிஞ்சது. குப்பியெல்லாம் வீட்டுக்குத் திரும்பிருச்சு. குழுவில் சண்டை. "நீதானளா சொன்ன"ன்னு என்னைப் பார்த்து ஒரு அக்கா கேட்டா. ரெண்டு பேர் குழுவை விட்டே போனாங்க. பணத்தைப் பங்கு போட்டு மாசாமாசம் அடைச்சோம். 150 குப்பியையும் சொந்தபந்தத்துக்குச் சும்மா கொடுத்தோம்.

அன்னைக்குச் சட்டத்து மேல எனக்குக் கோபம். ஆச்சி யாருகிட்ட லைசென்ஸ் வாங்கினான்னு கேட்டேன். அந்தக் கோபம் தணிஞ்சது என் மாமியாரால்.

அவங்களை நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். 30 வருஷமாப் பீடி சுத்தினவங்க. விரல் கணுவெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தா ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது. பீடி சுத்துன வலிதானேன்னு எங்க குப்பித் தைலத்தையே தேய்ச்சாங்க. தேய்ச்சா சுகமா இருக்கும். "உன் தைலம் கொள்ளைக் குணம்ட்டி"ன்னு பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லுவாங்க. எனக்குப் பெருமையா இருக்கும். ஏறக்குறைய ரெண்டு வருஷம் இப்படியே போச்சு. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தப்ப முடக்கு வாதம்னு சொன்னாங்க. அது வேலையால் மட்டும் வர்ற வலி இல்லை. உடம்புக்குக் காவலா இருக்கிற சக்தியே மூட்டைத் தின்னுற நோய். சீக்கிரம் வந்திருந்தா விரல் கோணாம இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். அத்தை என்னைக் குறை சொல்லலை. ஆனா அவங்க கோணின விரலால் டம்ளரைப் பிடிக்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த லேபிள் எனக்கு ஞாபகம் வரும். "அடியோடு குணமாகும்."

தைலம் என்ன செய்யும், என்ன செய்யாது

இதைப் பிறகுதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம தோலில் சூட்டையும் குளிரையும் உணருற நரம்பு முனைகள் உண்டு. மென்தால் குளிர் முனையைத் தூண்டும். மிளகாய்க் காரம் சூட்டு முனையைத் தூண்டும். நிஜத்தில் அங்க குளிரும் இல்லை, சூடும் இல்லை. அந்தக் குறுகுறுப்பில் உள்ளே இருக்கிற வலி நமக்குக் குறைஞ்சு தெரியுது. மிளகாய்க் காரத்தை வச்சு அந்தச் சூட்டு முனையைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸ்ங்கிற விஞ்ஞானிக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைச்சது. இதோட தேய்க்கிற கையும் பாதி மருந்து. ஆச்சி சூடு பறக்கத் தேய்ச்சு விட்டது சும்மா இல்லை.

ஆனா தைலம் வலியை அமர்த்தும், நோயை மாத்தாது. அதனால சகோதரிகளே, இதை மட்டும் வெட்டி வச்சுக்கோங்க:

மூட்டு வீங்கிச் சிவந்து சூடா இருந்தாலோ, காலையில் வெகு நேரம் விறைப்பா இருந்தாலோ, காய்ச்சலோட மூட்டு வலி வந்தாலோ, கால் மரத்துப் போனாலோ, கீழே விழுந்து ஊன்ற முடியலைன்னாலோ தைலத்தோட நிக்காதீங்க. டாக்டரைப் பாருங்க.

கற்பூரமும் விண்டர்கிரீன் சத்தும் உள்ளே போனா விஷம். சின்னப் பிள்ளை கொஞ்சம் குடிச்சாலே வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. குப்பியைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைங்க. கைக்குழந்தை மூக்கில், நெஞ்சில் தடவாதீங்க.

புண் மேல, கண்ணுகிட்டப் போடாதீங்க. தேய்ச்ச இடத்தில் இறுக்கிக் கட்டுப் போட்டு வெந்நீர்ப் பை வைக்காதீங்க, கொப்புளம் வந்திரும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத் தேய்ங்க.

இனி என்ன செய்யலாம்

தைலத்தை விட்டிருங்கன்னு நான் சொல்ல வரலை. சரியாச் செய்வோம்னுதான் சொல்லுறேன். 14 பேர் உள்ள ஒரு குழுவால் 1200 சதுர அடிக்கும், படிச்ச ஆளுக்கும், பரிசோதனைக்கும் செலவு செய்ய முடியாது. ஆனா கூட்டமைப்பால் முடியும். எனக்குத் தெரிஞ்சு மூணு வழி இருக்கு.

முதல் வழி, நொச்சி, முடக்கறுத்தான், வாதநாராயணன் எல்லாத்தையும் நம்ம வரப்பிலும் வேலியிலும் வளர்த்து, நிழலில் காய வச்சு, உரிமம் உள்ள மருந்துக் கம்பெனிக்கு விற்கிறது. மேற்கே மலை புலிகள் காப்பகம், அங்க போய்ப் பறிக்கக் கூடாது. நம்ம நிலத்தில் வளர்த்தா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ரெண்டாவது வழி, உரிமம் உள்ள ஒருத்தர் இடத்தில், அவர் ஆள்களை வச்சு, நம்ம பேரில் செய்து வாங்குறது. அதுக்கும் தனி உரிமம் உண்டு, சட்டத்தில் இடம் இருக்கு. மூணாவது வழிதான் பெரிய வழி. 1944-ல் வைத்தியர்கள் சேர்ந்த மாதிரி, குழுக்கள் எல்லாம் சேர்ந்து கூட்டமைப்புப் பேரில் சொந்தமா ஒரு இடம் போடுறது. முதல் ரெண்டு வழியில் அஞ்சாறு வருஷம் பழகின பிறகு மூணாவதுக்குப் போனா நம்மால் தாங்க முடியும்.

எந்த வழியில் போனாலும் லேபிளில் "வலிக்கு இதம்"னு மட்டும் போடுவோம். அதுக்கு மேல ஒரு சொல்லும் வேண்டாம்.

இன்னொண்ணும் உண்டு. நட்டுக்கிட்டே இருக்கிறவ மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து நிக்கணும். பீடி சுத்துறவ தட்டை இறக்கி வச்சிட்டு எழுந்து நாலு எட்டு நடக்கணும். சுவரில் சாய்ஞ்சு உட்காரணும். இதுக்கு உரிமமும் வேண்டாம், காசும் வேண்டாம். நாமளே நமக்குக் கொடுக்க வேண்டிய அனுமதி இது.

அத்தை இப்ப ஒழுங்கா மாத்திரை சாப்பிடுதாங்க. வீக்கம் வத்திருக்கு. கோணின விரல் கோணினதுதான். ராத்திரி படுக்கப் போகும்போது, "கொஞ்சம் தேய்ச்சு விடேன்"னு கையை நீட்டுவாங்க. நானும் வீட்டுக்குன்னு காய்ச்சின தைலத்தைச் சூடு பண்ணித் தேய்ச்சு விடுறேன். குழுவை விட்டுப் போன ரெண்டு பேரில் ஒருத்தி போன மாசம் திரும்ப வந்து சேர்ந்துட்டா. "அடுத்த தடவை காய்ச்சுறதுக்கு முன்னாடி லேபிளை நான் படிச்சுப் பார்ப்பேன்"னு சொல்லியிருக்கா. படிக்கட்டும். எல்லாரும் சேர்ந்தே படிப்போம்.